நான்காம் அத்தியாயம்: திருநாளும் சிறுகுழந்தையும்

பழனி மலைத்தொடரின் அடிவாரத்திலும் அதன் மேலுள்ள கோடைக்கானல் முதலிய ஊர்களிலும் வளர்கிற குழந்தையிடத்துத் திருவிழா தானாகவே வந்து சேருகிறது. தை பிறந்ததும் ஒட்டன்சத்திரத்துச் சாலையிலே பச்சை வேட்டியும் காவி வேட்டியும் உடுத்து, தோளில் காவடியும் வாயில் அரோகரா கோஷமுமாக நடந்து போகிற பாதயாத்திரைக் கூட்டமாகவும், ஆகஸ்டு மாதத்து மழைக்கும் மூடுபனிக்கும் இடையே சலேத் மாதாவின் சப்பரத்தைத் தொடர்ந்து செல்லும் ஜனங்களின் ஜபமாகவும், ரமலான் மாத மாலைகளில் பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் வீடு வந்து சேருகிற நோன்புக் கஞ்சியின் மணமாகவும் அது கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் பிரத்தியட்சமாகிறது. இவ்வளவும் தாமாகவே வந்து சேரும்போது, பெற்றோரும் உபாத்தியாயரும் செய்ய வேண்டியது யாது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

பெரியவர்களில் சிலர், குழந்தை ஒன்றைக் கேட்கும் முன்பே தத்துவார்த்தத்தைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். வேறு சிலர், 'இதெல்லாம் வளர்ந்தபின் தெரிந்துகொள்ளலாம்' என்று புத்தாடையையும் பலகாரத்தையும் கையிலே கொடுத்துக் கூட்டத்துக்கு அப்பால் உட்கார வைத்துவிடுகிறார்கள். இரண்டினாலும் பயனில்லை என்பது என் அபிப்பிராயம். எட்டுப் பிராயம் நிரம்பாத குழந்தைக்கு ஒரு பண்டிகையைக் கற்பிப்பதற்கு நான் கண்ட நல்ல மார்க்கம், அந்தப் பண்டிகையில் அதற்கென்று ஒரு வேலையைக் கொடுப்பதே. அதுவும் விளையாட்டு வேலையாக இராமல், அந்தக் குழந்தை செய்யாவிட்டால் அன்றைய காரியம் சற்றேனும் குறைப்படும்படியான மெய்யான வேலையாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று வயதில் பூவைக் காம்பு நீக்கித் தட்டில் வைப்பது போதும். நான்கு ஐந்து வயதில் விளக்குத் திரி திரிக்கவும், கோலத்துப் புள்ளியை எண்ணி வைக்கவும், வந்தவருக்குச் சந்தனக் கிண்ணத்தை நீட்டவும் முடியும். ஆறு ஏழு வயதில், 'நாளைக்கு என்னென்ன வேண்டும்?' என்ற ஜாபிதாவையே அதன் பொறுப்பில் விட்டுவிடலாம். கை செய்ததைப் பற்றித்தான் அந்த வயதில் வாய் கேள்வி கேட்கும். கேள்வி பிறந்த பிறகு சொல்லப்படுகிற கதைதான் மனத்தில் நிற்கும்.

இதற்கு இந்தப் பிரதேசத்திலேயே கிடைக்கிற உத்தமமான உதாரணம் பழனிப் பஞ்சாமிர்தம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பிரசாதத்தைக் கடையில் டப்பாவாக வாங்கிக் குழந்தையின் உள்ளங்கையில் ஒரு கரண்டி வைத்துவிடுவது எளிது. ஆனால் தைப்பூசத்துக்கு முந்திய ஒரு நாளில், வீட்டிலோ பாலர் பள்ளியிலோ, ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தைச் சுற்றிக் குழந்தைகளை உட்கார வைத்து அதைச் செய்து பார்த்தால், ஒரு வாரப் பாடம் ஒரு மணி நேரத்தில் கிட்டும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துத் தோட்டங்களில் காப்பிச் செடிகளுக்கிடையே வளர்கிற விருப்பாச்சி மலைவாழைப்பழம் வேண்டும். அது கிடைக்காத ஊரில் கெட்டியான சதையுள்ள எந்த மலைப்பழமும் ஆகும். குழந்தைகள் முதலில் கைகளை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொள்ளட்டும். துடைப்பது முக்கியம், ஏனென்றால், இந்தப் பண்டத்தில் தண்ணீர் சேரலாகாது, சேர்ந்தால் கெட்டுவிடும். 'பழம் ஈரமாகத்தானே இருக்கிறது, தண்ணீர் ஏன் கூடாது?' என்று ஒரு குழந்தை கேட்குமானால் அன்றைய பாடம் பலித்துவிட்டது என்று கொள்ளலாம். மலைவாழைப்பழத்தில் மற்றப் பழங்களைவிட நீர்ச்சத்துக் குறைவு என்பதையும், சர்க்கரையும் தேனும் அந்தச் சிறிதளவு நீரையும் தம்முள் இழுத்துக்கொள்வதனால்தான் பஞ்சாமிர்தம் குளிர்ப்பெட்டியில்லாமலே பல நாள் இருக்கிறது என்பதையும் அப்போது சொன்னால் போதும்.

பழத்தை உரித்துக் கையினாலேயே பிசைவது சின்னக் குழந்தைகளின் பங்கு. முதலில் கட்டியும் முட்டியுமாக இருப்பது, விரல்களுக்கிடையே பிதுங்கிப் பிதுங்கி, நாட்டுச் சர்க்கரை விழுந்தவுடனே இளகிப் பழுப்பேறி, பளபளவென்று இழுபட ஆரம்பிக்கும். அந்த மாறுதலைக் குழந்தை கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரலால் அறிந்துவிடும். பேரீச்சம்பழத்தில் கொட்டை எடுப்பது ஐந்து வயதுக்காரருக்கு. ஏலக்காயை உரித்து இடிப்பது ஏழு வயதுக்காரருக்கு. நெய்யையும் தேனையும் ஊற்றுவது பெரியவர்களுக்கு. வாழை நம் மலை, ஏலம் நம் மலை, தேன் நம் மலை, சர்க்கரையும் நெய்யும் கீழ்நாட்டிலிருந்து வந்தவை, பேரீச்சை கடல் கடந்து வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே சேர்த்தால், மலையும் சமவெளியும் தூரதேசமும் ஒரு தாம்பாளத்தில் கூடுவதைக் குழந்தை தானே காணும். இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும்: ஒரு வயது நிரம்பாத சிசுவுக்குப் பிரசாதமென்ற பெயரிலும் தேன் சேர்ந்த எதையும் நாக்கில் தடவலாகாது, அது சிசுவின் உயிருக்கே அபாயம் தரும் விஷநோய்க்குக் காரணமாகக்கூடும். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் கற்கண்டுத் துண்டுகளை நீக்கிவிட்டுக் கொடுப்பதும் அவசியம்.

செய்து முடித்ததும் உடனே உண்ண விடாமல், முதலில் சுவாமிக்கு, பிறகு வயது முதிர்ந்தோருக்கு, அதன் பிறகு அண்டை வீட்டாருக்கு, கடைசியில் செய்தவர்களுக்கு என்ற வரிசையை அனுசரியுங்கள். காத்திருப்பது குழந்தைக்குக் கஷ்டந்தான். எனினும், விரதம் என்பதன் முதல் பாடம் அதுவே. சிறுவர்களைப் பட்டினி போட்டு விரதம் பழக்குவதை நான் சிறிதும் ஆதரிக்கவில்லை.

இனிக் கதைகளுக்கு வருவோம். பழனிக்குரிய கதைகளில் குழந்தைகளுக்கு மிகவும் உகந்தது இடும்பன் கதை. அகத்தியரின் ஏவலால் சிவகிரி, சக்திகிரி என்னும் இரண்டு குன்றுகளையும் ஒரு கம்பின் இரு தலைப்பிலும் கட்டித் தோளில் சுமந்து வந்த இடும்பன், களைப்பாற இறக்கி வைத்து, மீண்டும் எடுக்கப் பார்த்தபோது எடுக்க முடியவில்லை. குன்றின் மேலே ஒரு சிறுவன் நின்றுகொண்டு 'இது என் மலை' என்கிறான். காவடி என்ற வழிபாடே அந்தச் சுமையிலிருந்து தோன்றியதென்பது ஐதிகம். இந்தக் கதையைச் சொல்வதற்கு முன், ஒரு மூங்கிற் கழியின் இரு முனைகளிலும் சிறு செம்புகளைக் கட்டி, பாதியளவு தண்ணீர் ஊற்றி, குழந்தையின் தோளில் வைத்து முற்றத்தைச் சுற்றிவரச் செய்யுங்கள். ஒரு பக்கம் கனத்தால் மறுபக்கம் எழும். வேகமாக நடந்தால் நீர் தளும்பும். நிதானித்தால் இரண்டும் சமமாக நிற்கும். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவேரித் தீர்த்தத்தைச் சுமந்துகொண்டு அத்தனை தூரமும் நடந்து வருகிற பக்தர்களின் சிரமம் என்ன என்பது அந்த முற்றத்திலேயே குழந்தைக்கு விளங்கிவிடும். அதன் பின் பழனிக்கு அழைத்துச் சென்று, எதிரெதிரே நிற்கிற இரண்டு குன்றுகளையும் காட்டினால், கதையின் முடிவைக் குழந்தையே உங்களுக்குச் சொல்லும். 1966 முதல் ஓடுகிற இழுவை ரயில் இருந்தாலும், கால் பலமுள்ள குழந்தையைப் படி வழியாகவே அழைத்துப் போவது நலம்; வழியில் இடும்பன் சன்னிதியும் இருக்கிறது, இளைப்பாற மண்டபங்களும் இருக்கின்றன.

மாம்பழத்தின் கதையைச் சொல்லும்போது மட்டும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். நாரதர் கொணர்ந்த கனிக்காக மயில் மீதேறி உலகை வலம் வந்த முருகன், தாய் தந்தையரைச் சுற்றி வந்த அண்ணனுக்குக் கனி கிடைத்ததைக் கண்டு கோபித்து, எல்லாவற்றையும் துறந்து மலையேறிவிட்டான் என்பதை நாம் அறிவோம். பெரும்பாலான பெற்றோர் இந்த இடத்தில், 'அதனால் கோபம் கூடாது' என்று ஒரு நீதியைச் சொல்லிக் கதையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிற குழந்தையின் நெஞ்சம் முழுவதும் முருகன் பக்கமே இருக்கிறது. ஏனென்றால், அவன் சொன்ன சொல் தவறாமல் உலகத்தைச் சுற்றி வந்தவன். தம்பியோ தமக்கையோ உள்ள வீட்டில் இந்த நியாயம் தினந்தோறும் விசாரணைக்கு வருகிற நியாயம். ஆதலால் தீர்ப்புச் சொல்ல அவசரப்படாமல், 'உனக்கு எப்படித் தோன்றுகிறது?' என்று கேளுங்கள். அப்புறம், கோபித்துப் போன பிள்ளையைத் தேடித் தாயும் தந்தையும் அந்த மலைக்கே வந்தார்கள் என்ற பகுதியை விட்டுவிடாமல் சொல்லுங்கள். குழந்தை பற்றிக்கொள்கிற பகுதி அதுதான். காலையில் ஆண்டிக் கோலத்திலும் மாலையில் ராஜ அலங்காரத்திலும் ஒரே மூர்த்தியைக் காட்டுவது, கோபமும் துறவும் சிறப்பும் ஒருவனிடமே உண்டு என்பதைச் சொல்லாமலே சொல்லும்.

கோடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், படிப்படியான வயல்களுக்கு நடுவே அமைந்த பூம்பாறையிலும் ஒரு கதை இருக்கிறது. அருணகிரிநாதர் அங்கே இரவில் படுத்திருந்தபோது அவரைக் கொல்ல வந்த ராட்சசி, அவர் அருகில் ஒரு குழந்தை கிடப்பதைக் கண்டு, தாயும் சேயும் உறங்குவதாக எண்ணித் திரும்பிவிட்டாளாம். குழந்தையாக வந்து காத்தவர்தான் அவ்வூர்க் குழந்தை வேலப்பர் என்பது ஊரார் வழக்கு. பெரியவரைக் குழந்தை காப்பாற்றிய கதை என்பதனால் சிறுவர்கள் இதைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். இரவில் தனியே படுக்க அஞ்சுகிற குழந்தைக்கு மட்டும் பகலில் சொல்லுங்கள்.

அச்சத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அலகு குத்திக்கொண்டு ஆடி வருகிறவரையும், சூரசம்ஹாரத்தில் தலை மாற்றி மாற்றி வருகிற சூரனையும் கண்டு ஒரு குழந்தை அலறினால், 'சாமிக்கு முன்னால் அழக்கூடாது' என்று அதட்டுவது பெரும் பிழை. தோளில் தூக்கிக்கொண்டு சற்று அப்பால் போய், தூரத்திலிருந்து பார்க்கச் செய்து, 'அவர் நேர்ந்துகொண்டு வருகிறார். தன் இஷ்டத்தினால் செய்கிறார். முடிந்ததும் எடுத்துவிடுவார்' என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முடி காணிக்கைக்கும் இதே விதி. முதல் நாளே குழந்தையிடம் தெரிவித்து, தந்தையோ அண்ணனோ முதலில் அமர்ந்து முடி இறக்கிக்கொள்வதைக் காட்டி, பிறகு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால், குளிர்ந்த சந்தனம் தலையில் படும்போது அழுகை அடங்கிவிடும். ஏமாற்றி அழைத்துச் சென்றால் அடுத்த முறை கோயில் என்றாலே அது விலகி ஓடும்.

யாத்திரை போக இயலாத குடும்பங்கள் வருந்த வேண்டியதில்லை. மதுரை, திண்டுக்கல் மார்க்கங்களில் இரவும் பகலும் நடந்து வருகிறவர்களுக்கு மோரும் தண்ணீரும் கொடுக்கிற வீடுகள் சாலை நெடுகிலும் உண்டு. உங்கள் குழந்தையின் கையில் ஒரு சொம்பைக் கொடுத்து, வாகனம் வராத ஓரமாக, உங்கள் பக்கத்திலேயே நிற்க வையுங்கள். வெடித்த குதிகாலும் புழுதி படிந்த முகமுமாக வருகிற ஒரு பெரியவர், அந்தச் சிறு கையிலிருந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, 'நல்லா இரு தாயி' என்று சொல்லி, நெற்றியில் திருநீறு இட்டுப் போகிற கணத்தில், தைப்பூசம் என்னவென்று குழந்தை அறிந்துகொள்கிறது. தமிழ்நாட்டில் 2021 முதல் தைப்பூசம் பொது விடுமுறையாக இருப்பதனால் பள்ளிக் குழந்தைகளுக்கு இந்தத் தொண்டுக்கு அவகாசமும் இருக்கிறது.

அடுத்து, பிறர் பண்டிகைகள். கோடைக்கானலிலே ஒரே வகுப்பில் சைவக் குழந்தையும், கத்தோலிக்கக் குழந்தையும், இஸ்லாமியக் குழந்தையும், பளியர் குடியிலிருந்து வந்த குழந்தையும் அருகருகே அமர்கிறார்கள். ஆகவே உபாத்தியாயர் பிறர் பண்டிகையைத் தாமே விளக்கப் புகாமல், அதற்குரியவர்களை அழைத்துச் சொல்லச் செய்வதும், குழந்தைகளை அங்கே விருந்தாளிகளாக அழைத்துச் செல்வதும் சிலாக்கியம். விருந்தாளிக்குரிய மரியாதைகளை மட்டும் முன்கூட்டியே பழக்கினால் போதும்: எங்கே செருப்பைக் கழற்றுவது, எப்போது பேசாமலிருப்பது, கொடுப்பதை எப்படி வாங்குவது, வேண்டாமென்றால் எப்படிப் பணிவாகச் சொல்வது. வணங்குவதும் வணங்காதிருப்பதும் அந்தந்த வீட்டாரின் விருப்பம். உபாத்தியாயர் அதில் தலையிடலாகாது.

1866-இல் எழுந்த கோடைக்கானல் சலேத் மாதா ஆலயத்தின் திருவிழா ஆகஸ்டு மாத நடுவில் நடைபெறுகிறது. அந்த ஆலயத்துக்குப் பெயர் தந்த நிகழ்ச்சி, பிரான்சு தேசத்து மலைக் கிராமமாகிய லா சலேத்தில், 1846 செப்டம்பர் 19-ஆம் நாள், மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலனி, மாக்ஸிமின் என்னும் இரண்டு சிறுவர்களுக்கு மாதா காட்சியளித்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி. மலைச்சரிவும் மேய்ச்சலும் மூடுபனியும் நம் குழந்தைகளுக்குப் பழக்கமானவையாகையால், தூரதேசத்துக் கதை அவர்களுக்குப் பக்கத்து ஊர்க் கதையாகவே படும். சப்பரத்துக்குப் பூக்கட்டுகிற வீடுகள் இருந்தால் முதல் நாளே போய்ச் சரம் தொடுக்க உதவட்டும்.

ரமலானுக்கும் அப்படியே. பச்சரிசியும் சிறுபருப்பும் வெந்தயமும் இஞ்சி பூண்டும் சேர்ந்து கொதிக்கிற நோன்புக் கஞ்சியை, சூரியன் மறைகிற கணம் வரையில் நோன்பிருப்பவர்கள் தொடமாட்டார்கள் என்பதை ஒரு மாலை உடனிருந்து பார்த்தால் போதும். பண்டிகை ஏன் ஒவ்வோராண்டும் வெவ்வேறு தேதியில் வருகிறது என்ற கேள்விக்கும் இதுவே இடம். இஸ்லாமிய ஆண்டு பிறையை மட்டும் கொண்டு எண்ணப்படுவதனால் ஏறத்தாழ 11 நாள் முன்னேறி வரும். தைப்பூசமோ சூரிய மாதத்தையும் பூச நட்சத்திரத்தையும் பௌர்ணமியையும் சேர்த்துப் பார்ப்பதனால் தை மாதத்தைச் சார்ந்தே நிற்கும். கிறிஸ்துமஸ் டிசம்பர் 25-ஐ விட்டு நகராது. ஏழு வயதுக் குழந்தை, சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டி, ஒரு மாதம் இரவுதோறும் நிலாவை வரைந்து வந்தால் இதன் சூட்சுமம் பிடிபடும். மேகம் மூடிய இரவைக் காலியாகவே விட்டுவைக்கட்டும். பிறை தெரிந்ததா என்று தலைமை காஜியின் அறிவிப்புக்காக ஒரு சமூகமே ஏன் காத்திருக்கிறது என்பதற்கு அந்தக் காலிக் கட்டங்களே விடை.

பளியர் குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மலையில் நமக்கெல்லாம் வெகுகாலம் முந்தியவர்களாகிய அவர்களுடைய வழிபாடு வனத்திலும் பாறையிலும் நடப்பது; அதைப் பள்ளி மேடையில் இலைதழைகளை உடுத்துகிற மாறுவேஷப் போட்டியாக்குவது அநாகரிகம். அந்தக் குழந்தையை எழுப்பி நிறுத்தி, 'உங்கள் சாமியைப் பற்றிச் சொல்' என்று வற்புறுத்துவதும் தகாது. அவர்களுடைய பெரியவர் ஒருவர் மனமுவந்து வந்தால், தேன் எடுப்பதைப் பற்றி அவர் சொல்வதை எல்லோரும் தரையில் அமர்ந்து கேட்கட்டும். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது அவர் உரிமை.

வகுப்பில் வருஷாரம்பத்திலே ஒரு பண்டிகைப் பட்டியல் எழுதி ஒட்டுவது பல பள்ளிகளில் வழக்கம். அதை அச்சிட்ட நாட்காட்டியைப் பார்த்து எழுதாமல், பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒவ்வொரு குழந்தையின் வீட்டாரையும் விசாரித்து எழுதுங்கள்; கிராம தேவதையின் பொங்கல், ஒரு சின்னத் தேவாலயத்தின் கொடியேற்றம் போன்றவை நாட்காட்டியில் இரா. பட்டியலின் கடைசியில், கோடைக்கானல் குழந்தைகளுக்காக, தேதியில்லாத ஒரு திருநாளையும் சேர்க்கலாம். முருகனைச் சேயோன் என்று குறித்து, மலைநிலத்தை அவனுக்குரியதாக்கியது தொல்காப்பியம். அந்த நிலத்துக்குப் பெயர் தந்த குறிஞ்சி, இந்த மலைகளில் 12 ஆண்டுகளுக்கொரு முறை பூக்கிறது. வெளிநாட்டில் பிறந்து இந்து சமயத்தைத் தழுவி, இலங்கையின் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்த லீலாவதி அம்மையார் 1936-இல் கட்டிய குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து, வானம் தெளிந்த நாளில் பழனி மலையைக் காணலாம். 2006-லும் 2018-லும் சரிவுகள் நீலமாயின. அடுத்த பூப்பு 2030-இல் வரவேண்டும். இன்று உங்கள் பாலர் வகுப்பில் இருக்கிற குழந்தையின் பெயருக்கு எதிரே, அந்த ஆண்டில் அதற்கு என்ன வயது ஆகும் என்பதை அதன் கையாலேயே எழுத வைத்து, அந்தக் காகிதத்தை வீட்டாரிடம் ஒப்படையுங்கள்.